ரத்தநாள அறையில் கதிர்வீச்சு: ஆண் உடலையும் பெண் உடலையும் காப்பது எப்படி

ரத்தநாளச் சிகிச்சை முடிந்து சி-ஆர்ம் என்ற எக்ஸ்-ரே இயந்திரத்தைப் பின்னுக்குத் தள்ளும்போது திரையின் ஓரத்தில் மூன்று எண்கள் நிற்கும். ஃப்ளோரோ (நேரலை எக்ஸ்-ரே) ஓடிய நிமிடங்கள், மில்லிகிரேயில் ஏர் கெர்மா (வந்த கதிரின் அளவு), அப்புறம் டோஸையும் பரப்பையும் பெருக்கி வரும் எண். இவற்றைக் குறித்து வைப்பது என் வேலை. அறுவையும் எக்ஸ்-ரேயும் ஒன்றாக நடக்கும் ஹைப்ரிட் தியேட்டரில் நான் ரேடியோகிராஃபர். வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கு ஸ்டென்ட் கிராஃப்ட் (துணி போர்த்திய வலைக்குழல்) வைப்பது, கால் தமனி அடைப்பைத் திறப்பது, கருப்பைக் கட்டிக்குப் போகும் தமனியை அடைப்பது என்று, பெரிதாக வெட்டாமல் தொடையிலோ கையிலோ ஒரு சிறு துளை வழியாகச் செய்யும் எல்லாச் சிகிச்சைக்கும் படம் பிடித்துத் தருகிறேன். புதிதாக வரும் மருத்துவர்களுக்கும் நர்ஸ்களுக்கும் கதிர்வீச்சுப் பாதுகாப்பைச் சொல்லிக் கொடுப்பதும் என் பொறுப்புதான்.

அவர்களிடம் முதலில் இதைச் சொல்வேன்: அந்த எண்கள் எக்ஸ்-ரே குழாயிலிருந்து எவ்வளவு வந்தது என்று சொல்லும். அது யார் உடலில், எந்த உறுப்பில் விழுந்தது என்று சொல்லாது. திரை 1,500 மில்லிகிரே என்று காட்டினால், படுத்திருந்தவர் 70 வயது ஆணா, 35 வயதுப் பெண்ணா என்பது அதில் இல்லை. பக்கத்தில் நின்றவர் ஆறடி உயரமா ஐந்தடி உயரமா என்பதும் இல்லை. அதனால் எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அறையில் இருக்கும் உடல்களைப் பாருங்கள். எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆணுக்கு அளவு கூடுதல், பெண்ணுக்கு ஆபத்து கூடுதல்

சி-ஆர்மில் தானியங்கிக் கட்டுப்பாடு ஒன்று உண்டு. உடலைக் கடந்த கதிரைப் படமாக்கும் டிடெக்டருக்கு வந்து சேரும் கதிர் குறைந்தால் குழாய் தானாகவே கூட்டிக் கொடுக்கும். உடல் 3 அல்லது 4 சென்டிமீட்டர் தடித்தாலே, அதே தரத்தில் படம் வர ஏறத்தாழ இரு மடங்கு கதிர் தேவைப்படும். வயிற்றுப் பகுதியில் ஆண்களுக்குச் சராசரியாகத் தடிப்பு அதிகம். அதனால் ஒரே மாதிரிச் சிகிச்சையில் பொதுவாக ஆண் நோயாளிக்கு எண் கூடுதலாக வரும். பருமனான பெண்ணும் மெலிந்த ஆணும் இருந்தால் இது அப்படியே திரும்பிவிடும். இயந்திரம் பார்ப்பது தடிப்பை மட்டும்தான்.

ஆபத்துக் கணக்கு வேறு திசையில் போகிறது. அமெரிக்க அறிவியல் கழகங்களின் குழு 2006-ல் வெளியிட்ட 'பெயர் 7' (BEIR VII) என்ற அறிக்கை, எல்லா வயதினரும் கலந்த ஒரு லட்சம் பேர் ஒவ்வொருவருக்கும் 100 மில்லிகிரே கிடைத்தால் வாழ்நாளில் கூடுதலாக எத்தனை பேருக்குத் திடக்கட்டிப் புற்றுநோய் வரும் என்று கணித்தது. ஆண்களில் 800, பெண்களில் 1,300. ரத்தப் புற்றுநோயில் இது தலைகீழ்: ஆண்களில் 100, பெண்களில் 70. கதிர்வீச்சு இல்லாமலே அந்த லட்சத்தில் ஆண்களில் சுமார் 45,500 பேருக்கும் பெண்களில் சுமார் 36,900 பேருக்கும் வாழ்நாளில் திடக்கட்டிப் புற்றுநோய் வரும் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். யாரையும் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பெண்களுக்கு ஒரே அளவில் ஆபத்து ஏன் கூடுகிறது என்றால், மார்பகமும் நுரையீரலும் பெருமளவு காரணம். தைராய்டும் சூல்பையும் கூடச் சேர்ந்துகொள்கின்றன.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. நாம் மில்லிசீவர்ட்டில் பேசும் 'பயனுறு டோஸ்' என்ற அளவு, ஆண் பெண் இருவரையும் சராசரியாக்கி எடுக்கப்பட்டது. 176 சென்டிமீட்டர் உயரம், 73 கிலோ எடையுள்ள ஒரு மாதிரி ஆண்; 163 சென்டிமீட்டர், 60 கிலோவில் ஒரு மாதிரிப் பெண். இரண்டு கணினி உடல்களிலும் உறுப்பு உறுப்பாகக் கணக்கிட்டு, பாதிப் பாதியாகக் கூட்டி ஒரு எண் தருகிறார்கள். சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையமான ஐ.சி.ஆர்.பி. 2007-ல் மார்பகத்துக்கான எடைமதிப்பை (அந்தக் கணக்கில் ஒரு உறுப்புக்குத் தரும் பங்கை) 0.05-லிருந்து 0.12-ஆக உயர்த்தியது, இனப்பெருக்கச் சுரப்பிகளுக்கு 0.20-லிருந்து 0.08-ஆகக் குறைத்தது. ஆனால் அந்த 0.12-ம் இருபாலருக்கும் பொதுவான எண். ஒரு பெண் மருத்துவரின் அறிக்கையில் 2 மில்லிசீவர்ட் என்று இருந்தால், அவருடைய மார்பகத்துக்கு எவ்வளவு போனது என்பதை அதிலிருந்து எடுக்க முடியாது. வேலை செய்பவர்களுக்கான வரம்பும் பொதுவானதே: ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு ஆண்டிலும் 50-க்கு மேல் கூடாது. வரம்பைத் தாண்டவில்லை என்பது நல்ல செய்திதான். அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

நோயாளியைப் படுக்க வைக்கும் முன்

கருத்தரிக்கும் வயதில் உள்ள எல்லாப் பெண்களிடமும் கர்ப்பம் பற்றிக் கேட்க வேண்டும். உறவினர் யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில், தாழ்ந்த குரலில், நேராகக் கேளுங்கள். 'கடைசியாக மாதவிலக்கு எப்போது வந்தது? கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா?' இந்த இரண்டு கேள்வி போதும். விவரம் தெளிவில்லாவிட்டால் பரிசோதனை செய்துவிட்டுத் தொடருங்கள். கேஸ் ஷீட்டில் 'திருமணமாகவில்லை' என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் கேள்வியைத் தாண்டிப் போவது சரியான பழக்கம் இல்லை. இடுப்புச் சிரை, கருப்பைத் தமனி, பிறவி ரத்தநாளக் கோளாறு என்று வருபவர்களில் இளம்பெண்கள் நிறைய. அவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி மிக முக்கியம்.

பெருந்தமனி வீக்கம் அதிகம் ஆண்களுக்கு வரும் நோய். கருவிகளும் பெரும்பாலும் ஆண் நோயாளிகளின் அளவை வைத்தே வளர்ந்தன. பெண்களுக்கு இடுப்புத் தமனி ஒல்லியாக இருக்கும். வீக்கத்துக்கு மேலே தமனியின் 'கழுத்து' எனப்படும் பகுதி குட்டையாகவும் வளைந்தும் இருப்பது அடிக்கடி நடப்பது. வளைவு கூடினால் சாய்கோணத்தில் படம் வேண்டும். கருவிகளை நுழைக்கும் ஷீத் என்ற உறை ஏறாவிட்டால் திரும்பத் திரும்ப ஃப்ளோரோ வேண்டும். மெலிந்த உடலால் மிச்சமான கதிரை இந்தச் சிக்கல் சாப்பிட்டுவிடும். அதனால் பெண் நோயாளி என்றால் முந்தைய நாளே சி.டி. படத்தை மருத்துவரோடு உட்கார்ந்து பார்த்துவிடுகிறேன். சிறுநீரகத் தமனி எந்தக் கோணத்தில் தெளிவாகத் தெரியும், இடுப்புத் தமனி பிரியுமிடம் எந்தச் சாய்வில் விரியும் என்று கோணங்களைத் தாளில் எழுதி சி-ஆர்மில் ஒட்டி வைப்பேன். கோணம் தேடிச் செலவாகும் ஃப்ளோரோ முழுவதும் அங்கேயே மிச்சம். சி.டி. படத்தை நேரலைப் படத்தின் மேல் பொருத்திக் காட்டும் வசதி உங்கள் இயந்திரத்தில் இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள்.

நல்லெண்ணத்தில் பலர் செய்யும் ஒன்றை இங்கே நிறுத்தச் சொல்ல வேண்டும். இளம் நோயாளி என்றதும் வயிற்றின் மேலோ விதைப்பையின் மேலோ ஈயத் துண்டு ஒன்றைப் போடுவார்கள். அது கதிர் விழும் பகுதிக்குள் நுழைந்தால், படம் இருட்டாகிறது என்று இயந்திரம் கதிரைக் கூட்டிவிடும். காப்பு என்று நினைத்ததே அளவை ஏற்றும். கதிர் விழாத பகுதியில் போட்டாலும் உடலுக்குள்ளேயே சிதறி வரும் கதிரை அது தடுக்காது. அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019-லும், அமெரிக்கத் தேசியக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக் குழுவான என்.சி.ஆர்.பி. 2021-லும் நோயாளிக்கு இப்படிக் கவசம் போடும் வழக்கத்தைக் கைவிடச் சொல்லிவிட்டன.

அதற்குப் பதில் காலிமேஷன் செய்யுங்கள், அதாவது கதிர் விழும் பரப்பைச் சுருக்குங்கள். சூல்பை இடுப்புக்குள் இருப்பதால் இடுப்புத் தமனியைப் பார்க்கும்போது நேரடிக் கதிரில் சிக்கும். விதைப்பை வெளியே இருப்பதால் கீழ் ஓரத்தை இரண்டு விரல் அளவு மேலே இழுத்தாலே தப்பிவிடும். ஆணுக்கு அந்த ஓரத்தை இழுங்கள். பெண்ணுக்கு ஓரத்தை இழுப்பது மட்டும் போதாது, படத்தின் எண்ணிக்கையைத்தான் குறைக்க வேண்டும். தொடைத் தமனியைக் குத்த அல்ட்ராசவுண்ட் வைத்துக்கொண்டால் இருவருக்குமே அந்த இடத்தில் எக்ஸ்-ரே பெரிதாக வேண்டியிருக்காது, மருத்துவரின் கையும் கதிருக்குள் போகாது.

மார்பகத்துக்கு நல்ல செய்தி ஒன்று உண்டு. குழாய் மேசைக்குக் கீழே இருப்பதால் கதிர் முதுகு வழியாக நுழைந்து முன்பக்கம் வெளியேறுகிறது. வெளியேறும் இடத்துக்கு வருவது நுழையும் இடத்தில் விழுந்ததில் ஒரு சிறு பங்குதான். மார்புப் பெருந்தமனிச் சிகிச்சையில் இந்த லாபத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் பாருங்கள்: முழுப் பக்கவாட்டுக் கோணம் எடுக்கும்போது ஒரு மார்பகம் குழாயின் பக்கம் வந்துவிடும். தேவைக்கு மேல் அந்தக் கோணத்தில் நிற்காதீர்கள். முடிந்ததும் உடனே சி-ஆர்மைத் திருப்பிவிடுங்கள்.

பெடலில் கால் வைத்த பிறகு

எல்லா உடலுக்கும் பொதுவானவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பல்ஸ் ஃப்ளோரோவை (விட்டுவிட்டுக் கதிர் தரும் முறை) விநாடிக்கு 7.5 துடிப்பு அல்லது அதற்கும் கீழே வைத்துத் தொடங்குங்கள். டிடெக்டர் நோயாளியை ஒட்டி, குழாய் தூரத்தில். உருப்பெருக்கம் தேவைப்படும் நொடிக்கு மட்டும். கடைசிப் படம் திரையில் நிற்கும்போது அதைப் பார்த்தே யோசியுங்கள். யோசிக்கும்போது கதிரை ஓட்டும் பெடலில் கால் வேண்டாம். டி.எஸ்.ஏ.வில் (சாயம் செலுத்தி ரத்தநாளத்தை மட்டும் பிரித்துக் காட்டும் படத்தொடர்) ஒவ்வொரு படமும் ஃப்ளோரோவின் ஒரு படத்தைவிடப் பல மடங்கு கதிர் வாங்கும். அதனால் ஃப்ளோரோப் படத்தைப் பதிவு செய்து வைத்தாலே போதும் என்ற இடத்தில் டி.எஸ்.ஏ. எடுக்காதீர்கள். எடுக்கும்போது இன்ஜெக்டரை இணைத்துவிட்டு எல்லோரும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வந்துவிடுங்கள்.

பணியாளர்களுக்கு வரும் கதிர் குழாயிலிருந்து நேராக வருவதில்லை. படுத்திருக்கும் நோயாளியின் உடலில் பட்டுச் சிதறி வருகிறது. நம்மைப் பொறுத்தவரை அந்த உடல்தான் எரியும் விளக்கு. ஒரு மீட்டர் தூரத்தில், நோயாளியின் தோலில் விழுவதில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு வந்து சேரும். தூரம் இரண்டு மடங்கானால் அது கால் பங்காகும்.

உயரப் பிரச்சினை இங்கேதான் வருகிறது. மேசையை உயர்த்தினால் நோயாளி குழாயிலிருந்து விலகுவார், தோலுக்கு நல்லது. ஆனால் மேசையை உயரமான அறுவை மருத்துவரின் முழங்கைக்குப் பொருத்திவிட்டு, அதே மேசையில் ஐந்தடி உயர உதவி மருத்துவரை நிறுத்தினால், சிதறும் கதிர் அவருடைய மார்புக்கும் முகத்துக்கும் மிக அருகில் வந்துவிடும். உயரக் குறைவானவர்களில் பெண்கள் அதிகம் என்பதால் இதுவும் பால் வேறுபாடாகவே முடிகிறது. மேசையைத் தாழ்த்தி நோயாளியின் தோலுக்குச் சுமை ஏற்றுவது தீர்வாகாது. உறுதியான, வழுக்காத கால்பலகை ஒன்றைப் போடுங்கள். பெடலையும் அதே பலகை மேல் ஏற்றிவிடுங்கள். கூரையிலிருந்து தொங்கும் ஈயக் கண்ணாடியை, உயரமானவருக்காக வைத்த இடத்திலேயே விடாமல், நோயாளியின் உடலைத் தொடும் அளவுக்குக் கீழே இறக்குங்கள். உயரமானவர் அதன் மேலாகப் பார்க்கிறார் என்றால் அவருக்கும் அது தவறான இடம்தான். கண்ணாடி வழியாக மேசையைப் பார்க்க வேண்டும்.

சாய்கோணத்தில் ஒரு விதியை மட்டும் மனதில் வையுங்கள். குழாய் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் சிதறல் அதிகம். நோயாளியின் வலப்பக்கம் நிற்பவருக்கு, டிடெக்டர் நோயாளியின் இடப்பக்கம் சாயும் எல்.ஏ.ஓ. கோணம் கெட்டது, குழாய் அவர் பக்கமே வந்துவிடும். கோணத்தை மாற்றுவதற்கு முன்னால் நான் சத்தமாகச் சொல்லிவிடுவேன்: 'குழாய் உங்க பக்கம் வருது டாக்டர், ஒரு அடி பின்னால போங்க.' சொல்வதற்கு யாரும் தயங்கக் கூடாது. அறையில் இளையவர் என்றாலும் சொல்லலாம்.

ஏப்ரன்: உடம்புக்கு ஏற்றதா என்று பார்ப்பது

எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமானது இந்தப் பகுதி. அரை மில்லிமீட்டர் ஈயத்துக்குச் சமமான லெட் ஏப்ரன், நம் அறையில் சிதறும் கதிரில் 95 சதவீதத்துக்கு மேல் தடுத்துவிடும். அது மூடும் இடத்தில்தான் அந்தக் கணக்கு. மூடாத இடத்தில் நூற்றுக்கு நூறும் உள்ளே போகும்.

ஏப்ரனில் பெரிய ஓட்டை கைத்துளை. பெண்ணின் மார்பகத்தில் மேல்புறமும் வெளிப்புறமும் சேரும் கால்பகுதியும், அங்கிருந்து அக்குளுக்கு நீளும் திசுவும் சரியாக அந்தத் துளைக்கு நேரே இருக்கின்றன. மார்பகப் புற்றுநோய் அதிகமாகத் தோன்றுவதும் அதே கால்பகுதியில்தான். ஃப்ளோரோ பயன்படுத்தும் அமெரிக்கப் பெண் எலும்பு அறுவை மருத்துவர்களிடம் நடத்திய கருத்துக்கணிப்பு ஆய்வுகளில் மார்பகப் புற்றுநோய் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தெரிந்தது. அதற்குக் கதிர்வீச்சுதான் காரணம் என்று அப்படிப்பட்ட ஆய்வால் நிறுவ முடியாது. ஆனால் கைத்துளையை மூடுவதற்கு அந்த நிரூபணம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஒரு இளம் அறுவை மருத்துவர் எங்களிடம் பயிற்சிக்கு வந்தார். ஸ்டாண்டில் மீதமிருந்தது பெரிய அளவு ஏப்ரன் ஒன்றுதான். 'அக்கா, தோள் நிக்கவே மாட்டேங்குது' என்று இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தார். அவரைச் சி-ஆர்ம் பக்கத்தில் நிற்க வைத்து, ஷீத்தைத் தள்ளும்போது கையை எப்படி வைப்பாரோ அப்படி வைக்கச் சொன்னேன். நான் குனிந்து நோயாளியின் வயிறு இருக்கும் உயரத்திலிருந்து அவரைப் பார்த்தேன். அக்குளுக்குக் கீழே அவருடைய தியேட்டர் உடை ஒரு உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்தது. கதிர் வரும் உயரத்திலிருந்து நான் பார்க்க முடிகிறது என்றால் கதிரும் பார்க்கும். அன்றைக்கு மருத்துவமனை முழுவதும் தேடி நடுத்தர அளவு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிய பிறகுதான் வேலையைத் தொடங்கினோம்.

இந்தச் சோதனையை எல்லோரும் செய்யுங்கள். கண்ணாடி முன்னால் கையைத் தொங்கவிட்டு நின்று பார்ப்பதில் பயனில்லை. கை மேலே, முன்னே நீண்டிருக்கும் நிலையில், பக்கவாட்டிலிருந்து, மேசை உயரத்தில் இன்னொருவர் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். நோயாளியின் வலது தொடைப் பக்கம் நிற்பவருக்கு இடது அக்குள் கதிரை நோக்கி இருக்கும். எதிரே நிற்பவருக்கு வலது. அந்தப் பக்கத்தை முதலில் சரி செய்யுங்கள்.

சரியான அளவு என்றால் கைத்துளை தோள்மூட்டை ஒட்டி இருக்கும். சிறியதை இழுத்துக் கட்டினால் முன்பக்க மடிப்பு மார்பின் மேல் பிரிந்து விலகும், அதுவும் ஓட்டைதான். பல ஏப்ரன்களில் கால் மில்லிமீட்டர் ஈயம் முன்னால் ஒன்றன் மேல் ஒன்று மடிந்தால்தான் அரை மில்லிமீட்டர் ஆகும். மடிப்பு சேரவில்லை என்றால் காப்பு பாதிதான். அளவு எடுக்கும்போது மார்பு, இடுப்பு, பின்புறம் மூன்றையும் தனித்தனியாக அளந்து கொடுங்கள். 'எஸ்', 'எம்' என்று எழுதிவிட்டு விடாதீர்கள். பெண்களுக்கு மேல்சட்டையும் பாவாடையும் தனித்தனியாக உள்ள இரண்டு துண்டு ஏப்ரன் எனக்குப் பிடித்தது: எடை தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும், மேல்துண்டை மார்புக்குப் பொருத்த முடியும். அதன் மேல் அக்குளை மூடும் ஈய இறக்கை அல்லது குட்டைக் கை சேர்த்துக் கேளுங்கள். வாங்கும் குழுவில் 'இது தேவையா?' என்று கேட்டால், மேலே சொன்ன சோதனையை அவர்கள் கண் முன்னால் செய்து காட்டுங்கள்.

ஆண்களுக்கு ஓட்டை வேறு இடத்தில். உயரமானவருக்கு ஏப்ரன் முழங்காலோடு நின்றுவிடும். மேசைக்குக் கீழேதான் சிதறல் மிக அதிகம். ஸ்டென்ட் கிராஃப்ட் வைத்த மருத்துவர்களின் ரத்த அணுக்களில் டி.என்.ஏ. சேதத்தின் அடையாளத்தை 2017-ல் ஒரு ஆய்வு அளந்தது. சிகிச்சைக்குப் பிறகு அது ஏறியிருந்தது. காலுக்குக் கவசம் கட்டியவர்களிடம் அந்த ஏற்றம் இல்லை. ஆகவே மேசை ஓரத்து ஈயத் திரைச்சீலையைக் கழற்றி வைக்காதீர்கள், உயரமானவர்கள் கால் கவசம் கட்டுங்கள். உட்கார்ந்து செய்யும் சிரைச் சிகிச்சையில் பாவாடையின் பிளவு விரிந்து தொடை இடுக்கு வெளியே வரும். ஆண்கள் உட்கார்ந்த பிறகு மடிப்பை ஒருமுறை கையால் சரிசெய்துகொள்ளுங்கள்.

தைராய்டு காலர் இருபாலருக்கும் வேண்டும். கழுத்தை ஒட்டி, ஏப்ரனின் மேல் ஓரத்தோடு இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். ஈய மூக்குக்கண்ணாடி வாங்கும்போது ஈயத்தின் தடிமனை மட்டும் பார்க்காதீர்கள். சிதறல் கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் வருகிறது. அகல முகத்துக்குச் செய்த கண்ணாடி, குறுகிய முகத்தில் மூக்கிலிருந்து சறுக்கி, கன்னத்துக்கும் சட்டகத்துக்கும் இடையில் வழிவிடும். மாட்டிக்கொண்டு குனிந்து பாருங்கள். சறுக்கினால் அது உங்களுடையது இல்லை. கண்வில்லைக்கான வரம்பை ஐ.சி.ஆர்.பி. 2011-ல் ஆண்டுக்கு 150 மில்லிசீவர்ட்டிலிருந்து சராசரி 20-க்கு இறக்கியது எந்த அளவுக்கு இது முக்கியம் என்பதைக் காட்டும்.

ஏப்ரனை மடித்துப் போடாமல் தொங்கவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது ஃப்ளோரோவில் வைத்து விரிசல் பாருங்கள்.

பேட்ஜ் எதைப் பார்க்கிறது

ஏப்ரனுக்கு உள்ளே மார்பு நடுவில் ஒன்று, வெளியே கழுத்துக் காலரில் ஒன்று என்று, கதிர் அளவைப் பதியும் பேட்ஜ் இரண்டு போடுவது நல்ல வழக்கம். உள்ளே இருப்பது உடலுக்கு, வெளியே இருப்பது கண்ணுக்கும் தலைக்கும். ஆனால் உள்ளே இருக்கும் பேட்ஜ், ஏப்ரனின் மிகப் பத்திரமான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அது பூஜ்யம் காட்டுவதால் அக்குளும் பூஜ்யம் என்று ஆகாது. பெண் பணியாளர்களுக்கு நான் கேட்டு வாங்குவது இதுதான்: சில மாதங்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் பேட்ஜை, கதிரை நோக்கிய பக்கத்து அக்குளில், கைத்துளை ஓரத்தில் குத்திக்கொள்ள அனுமதி. நடுமார்பு எண்ணையும் அக்குள் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த ஏப்ரனைப் பற்றி வேறு விளக்கமே வேண்டியதில்லை. எந்த பேட்ஜ் எங்கே போட்டது என்று பதிவேட்டில் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் சட்டபூர்வக் கணக்கில் குழப்பம் வரும். பேட்ஜை லாக்கரில் விட்டுவிட்டு வருவது ஆண் பெண் இருவரிடமும் உள்ள பழக்கம். அப்படி வரும் குறைந்த எண், உங்களுக்கு நல்ல ஏப்ரன் வாங்கித் தர உதவாது.

கர்ப்பமாக இருக்கும் சக ஊழியர்

தெரிந்தவுடன் எழுத்தில் தெரிவியுங்கள். பல இடங்களில் பெண்கள் மறைப்பதற்குக் காரணம், சொன்ன மறுநாளே அறையிலிருந்து வெளியேற்றிவிடுவார்கள், பயிற்சி நின்றுவிடும் என்ற பயம். அந்தப் பயத்தைப் போக்க வேண்டியது மூத்தவர்களின் வேலை. ஐ.சி.ஆர்.பி. சொல்வது, கர்ப்பத்தைத் தெரிவித்த பிறகு மீதிக் காலம் முழுவதும் கருவுக்குக் கூடுதலாக 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது. அமெரிக்க விதி முழுக் கர்ப்பத்துக்கும் 5 மில்லிசீவர்ட். சரியாக ஏப்ரன் போட்டு, தூரம் காத்து வேலை செய்பவர்களின் வயிற்றுப் பேட்ஜில் இதற்கும் கீழேதான் பொதுவாக வரும். கருவில் குறைபாட்டை உண்டாக்கும் அளவு பற்றிப் பேசும்போது சொல்லப்படும் எண் 100 மில்லிகிரே. நாம் பேசிக்கொண்டிருப்பது அதற்கு வெகு தொலைவில்.

செய்ய வேண்டியவை: இடுப்பில், ஏப்ரனுக்கு உள்ளே, தனி பேட்ஜ், அதன் எண்ணை மாதாமாதம் பார்க்க வேண்டும். பேட்ஜ் தோலின் மேல் அளக்கிறது, கருவுக்குப் போவது அதைவிடக் குறைவு. வயிறு வளர வளர முன் மடிப்பு விலகும், அதனால் அளவு பெரிதாக்கிக்கொண்டே போக வேண்டும். இரண்டு ஏப்ரன் போட்டால் இரட்டைக் காப்பு என்று நினைத்து முதுகை வதைத்துக்கொள்ளாதீர்கள். முதல் அரை மில்லிமீட்டரே பெரும்பகுதியைத் தடுத்துவிட்டது, இரண்டாவது சேர்ப்பது எடைதான். நீண்ட, சாய்கோணம் நிறைந்த சிகிச்சைகளில் இரண்டாவது இடத்தில் நிற்கலாம், டி.எஸ்.ஏ.வின் போது வெளியே வரலாம். அறைக்குள் வருவதா வேண்டாமா என்பது அவருடைய முடிவு. வருகிறேன் என்றால் தடுக்காதீர்கள். வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் பட்டியலை மாற்றுங்கள்.

அப்பாவாகப் போகும் ஆண் ஊழியர்களும் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். விந்தணு தற்காலிகமாகக் குறைவதற்கே விதைப்பையில் ஏறத்தாழ 100 மில்லிகிரே ஒரே முறையில் விழ வேண்டும். ஏப்ரன் போட்டு நிற்பவருக்கு அது நடக்காது. பாவாடையின் மடிப்பைச் சரியாகப் போட்டால் போதும்.

சிகிச்சை முடிந்த பிறகு

ஏர் கெர்மா 5 கிரேயைத் தாண்டினால் மருத்துவருக்கும் நோயாளிக்கும் சொல்லிவிடுங்கள். 2 முதல் 4 வாரத்துக்குள் முதுகுத் தோலைப் பார்க்க வேண்டும். கதிர் நுழைந்தது முதுகு வழியாக என்பதால் நோயாளியால் தானே பார்க்க முடியாது, வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆண்களுக்குத் தடிப்பால் எண் ஏறும் என்பதால் இந்தப் பட்டியலில் அவர்கள் அதிகம் வருவார்கள். பெண்களிடம் இந்தச் செய்தியைச் சொல்லும்போது, வீட்டுக்குப் போய்ப் பார்க்கச் சொல்வதோடு, பரிசோதனைக்கு வரும் நாளில் பெண் நர்ஸ் ஒருவர் முதுகைப் பார்க்க ஏற்பாடு செய்துவிடுங்கள். கூச்சத்தில் தவறிப்போவதை அது தடுக்கும்.

ஸ்டென்ட் கிராஃப்ட் வைத்தவர்களுக்குக் கதிர் அன்றோடு முடிவதில்லை. ஒரு மாதத்தில் ஒரு சி.டி., ஓராண்டில் ஒரு சி.டி., அப்புறம் ஆண்டுதோறும் என்று போனால், சிகிச்சையில் மிச்சப்படுத்தியதெல்லாம் பின்தொடர்வில் போய்விடும். முதல் ஆண்டில் கசிவும் இல்லை, வீக்கம் பெரிதாகவும் இல்லை என்றால், அடுத்த ஆண்டுகளுக்கு கதிர் இல்லாத டூப்ளெக்ஸ் அல்ட்ராசவுண்ட் போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இளவயதினரிடமும் பெண்களிடமும் இந்தக் கேள்வியை நீங்களே நினைவுபடுத்துங்கள். டிஸ்சார்ஜ் தாளில் மருந்துப் பட்டியலுக்குக் கீழே, அன்றைய ஏர் கெர்மாவையும் டோஸ் பரப்பு எண்ணையும் எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை வேறு மருத்துவமனைக்குப் போனாலும் முன்பு எவ்வளவு விழுந்தது, முதுகில் எந்தப் பக்கம் விழுந்தது என்று அங்கே இருப்பவருக்குத் தெரியும். அவர் கோணத்தைச் சற்று மாற்றி எடுப்பார்.